எழுவாய் இன்னும் வந்து சேரவில்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற சாலையில், கரும்பு லாரிகள் மூச்சுமுட்டத் திரும்புகிற வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி, இலக்கணச் சொல்மூல உயராய்வு மையம் இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். தமிழில் உள்ள ஒவ்வோர் இலக்கணச் சொல்லுக்கும் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து நாட்டுக்குச் சொல்வதற்காக ஏற்பட்ட நிறுவனம். ஏற்பட்டு நெடுநாளாகிறது. இதுவரை ஒரு சொல்லுக்காவது பொருள் கண்டுபிடித்தது என்ற கெட்ட பெயரை அது வாங்கியதில்லை. கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சொல்லுக்கான துறையை மூட வேண்டி வருமே, அதிலிருக்கிற பேராசிரியர்கள் பிள்ளைகுட்டியோடு எங்கே போவார்கள்?

வாக்கியம் எப்படி அமைகிறதோ அப்படியே கட்டடமும் அமைய வேண்டும் என்று அடிக்கல் நாட்டிய அன்றே முடிவாகிவிட்டது. ஆகவே முன்பக்கம் எழுவாய்த் துறை, நடுவில் செயப்படுபொருள் துறை, கடைசியில் பயனிலைத் துறை. கோப்புகளும் இந்த வரிசையில்தான் நகர வேண்டும். நடுத்துறைப் பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. அதனால் முன்பக்கம் புறப்பட்ட கோப்பு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ளும். பயனிலைத் துறைக்காரர்கள் கோப்பே வராமல் நிம்மதியாகச் சம்பளம் வாங்கி, நிம்மதியாக ஓய்வும் பெற்றார்கள். செயப்படுபொருள் இல்லாமலும் வாக்கியம் வரும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதை இங்கே யாரிடம் போய்ச் சொல்ல?

இந்தக் கட்டடத்தின் வாசலில் ஜீப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தே இளமையைக் கழித்தவன் எட்வின். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை, கரியாலூர் என்று கல்வராயன் மலைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றுகிறவன். அவனுக்கும் இலக்கணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் மனைவி ஷீபா அங்கே முனைவர் பட்ட ஆய்வு மாணவி, அவ்வளவுதான். இருவர் வீட்டிலும் கரும்பு வெட்டியும் களை எடுத்தும் பிழைத்தவர்கள்தான். ஷீபாதான் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு பெண்கள் கல்லூரியில் அவளைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். தமிழ்த் துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியாகப் போகிறது, அடுத்த வருஷம் ஜூனில் கல்லூரி திறக்குமுன் பட்டத்தோடு வந்தால் இடம் உனக்கு, வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதைத் தவிர எனக்கு வழியில்லை என்று அங்கிருந்த மதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த ஜூனை நினைத்துத்தான் எட்வினுக்குச் சோறு இறங்கியது.

ஷீபாவின் ஆய்வு, ‘எழுவாய்’ என்னும் சொல்லின் பொருளும் தோற்றமும். கோமுகி அணைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்கு அதை விளக்கினாள். எட்வின் வண்டி ஓட்டினான் என்றால் எட்வின் எழுவாய், ஓட்டினான் பயனிலை, அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஏன் எழுவாய் என்று பெயர் வந்தது என்று கேட்டால் பாதிப் பேர் வாய் என்றதும் தன் வாயைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்த வாய் இல்லை இது. வாய் என்றால் இடம், வழி. வாய்க்கால் என்கிறோம், வாயில் என்கிறோம். எழு என்றால் கிளம்பு, தோன்று. ஒன்று எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடம் எழுவாய். பழைய புலவர்கள் தொடக்கம் என்ற பொருளில் அதைச் சாதாரணமாகப் புழங்கினார்கள். இலக்கணக்காரர்கள் எடுத்து, உருபு எதுவும் ஏற்காமல் வெறுமனே நிற்கிற பெயருக்கு வைத்தார்கள். அங்கிருந்து அது மெல்ல மெல்ல வாக்கியத்தின் உறுப்பாக வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த உரைகாரர் எந்த இடத்தில் எந்தப் பொருளில் சொன்னார் என்று வரி வரியாகப் பார்த்து அவள் எழுதியிருந்தாள்.

“அவ்ளோதானா?” என்றான் எட்வின்.

“அவ்ளோதாங்க. ஆனா அவ்ளோத்தையும் யாரும் உக்காந்து பாக்கல” என்றாள் ஷீபா.

அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, இவள் ஏதோ பெரிய காரியம் செய்திருக்கிறாள் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது.

அவளுடைய நெறியாளர் எழுவாய்த் துறைத் தலைவர் முனைவர் செழியன். அவருக்கு எழுவாய் பற்றி ஏற்கெனவே ஒரு கோட்பாடு இருந்தது. அதை அவர் மேடை கிடைத்த இடமெல்லாம் முழங்கியிருக்கிறார், கடல் கடந்தும் முழங்கியிருக்கிறார். “ஆதி மனிதன் குனிந்து கிடந்தான். ஒருநாள் எழுந்தான். எழுந்தவன் வாய் திறந்தான். எழுந்தது மனிதன், திறந்தது வாய், பிறந்தது எழுவாய்!” இந்த இடத்தில் கைதட்டல் வரும். வராவிட்டால் வரும்வரை நின்று தண்ணீர் குடிப்பார்.

ஷீபா முதல் இயலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் கோபிப்பார் என்று அவள் பயந்தாள். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பரிவாகத்தான் பேசினார்.

“அம்மா, உன் கருத்தில் உண்மை இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் வெறும் உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாது. களப்பணி வேண்டும். வினாநிரல் வேண்டும். அட்டவணை வேண்டும். வட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி வண்ணம் பூசிய படம் ஒன்றாவது வேண்டும்.”

ஒரு சொல்லின் பிறப்பைக் கண்டுபிடிக்க எந்தக் களத்துக்குப் போவது? செழியன் யோசிக்கவே இல்லை. கோடை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கல்வராயன் மலைக்கு என்றார். நெறியாளர் என்ற முறையில் மேற்பார்வையிடத் தானும் வருவதாகச் சொன்னார். அவர் மேற்பார்வையை மேற்பார்வையிட அவர் மனைவியும், மைத்துனர் குடும்பமும் வந்தார்கள். வண்டி எட்வினுடையது, டீசலும் எட்வினுடையது. கரியாலூரில் படகு விட்டார்கள், அருவியில் குளித்தார்கள். மேடையில் செந்தமிழ் தவிர வேறு பேசாத செழியன், மலையில் எட்வினைத் தனியாகக் கூப்பிட்டு, “எட்வினு, இந்தத் தேனு சுத்தமானதா, இன்னா? சர்க்கர பாகு கலந்து குடுத்துருவானுங்க, நீ பாத்து வாங்கு” என்றார். தேன், பலா, கடுக்காய், புளி என்று ஜீப்பின் பின்பக்கம் நிறைந்தது. திரும்பும்போது ஷீபா பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

இதற்கு நடுவில் அவள் ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டாள். கேள்வியைச் செழியனே அமைத்துக் கொடுத்திருந்தார். ‘எழுவாய் தங்களை வந்தடைந்துள்ளதா? ஆம் எனில், எப்போது?’

தைலம்மாள் என்கிற பெண் சாமைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து காகிதத்தோடு வருகிறவர்களை அந்த மலை நிறையப் பார்த்திருக்கிறது. ரோடு வந்ததா என்று கேட்பார்கள், பட்டா வந்ததா என்பார்கள், டாக்டர் வந்தாரா என்பார்கள். எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே பதில்தான் உண்டு, அதைச் சொன்னால்தான் வந்தவர்கள் சீக்கிரம் எழுதிக்கொண்டு போவார்கள்.

“இன்னும் வரலீங்க” என்றாள் தைலம்மாள், மண்வெட்டியை நிறுத்தாமல்.

ஷீபாவுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, இது அரசாங்கத்துச் சமாச்சாரம் இல்லை, ஒரு சொல், நாம் பேசுகிற பேச்சில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். தைலம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“எதுவா இருந்தாலும் சரிம்மா, எங்களுக்கு இன்னும் வரல. வந்தா நாங்களே சொல்லி அனுப்பறோம்.”

எல்லா ஊரிலும் இதே பதில். எட்வின் முதலில் சிரித்தான். பத்துப் பேர் அதே முகத்தோடு அதையே சொன்ன பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷீபா இந்தப் பதில்களை எழுதக்கூட வெட்கப்பட்டாள். செழியனோ துள்ளிக் குதித்தார். அட்டவணை தயாராயிற்று, வட்டம் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. ‘மலைவாழ் மக்களில் மிகப் பெரும்பாலோரை எழுவாய் இன்னும் சென்றடையவில்லை’ என்பது அவர் எழுதச் சொன்ன முடிவுரை.

அடுத்த மாதம் மையத்தில் சிறப்புக் கருத்தரங்கம். செழியன் பேசினார். “விடுதலை பெற்று இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு மலைக்கு எழுவாய் போய்ச் சேரவில்லை என்றால் நாம் யாரை நோவது? பாவம், அந்த மக்கள் எழுவாய் இல்லாமலே காலையில் எழுகிறார்கள், எழுவாய் இல்லாமலே உறங்கப் போகிறார்கள். இந்த மையம் இருக்கும்வரை அவர்களைக் கைவிடாது. இந்த மையத்தை யாரும் கைவிடாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.” அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். நடமாடும் எழுவாய் ஊர்தி ஒன்றை உடனே மலைக்கு அனுப்புவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஊர்திக்கு நிதி வரும்வரை எட்வினின் ஜீப்பில் ஒரு பேனரைக் கட்டி, கொடியசைத்து அனுப்பினார்கள்.

எட்வின் அந்தப் பேனரோடு வழக்கம்போல மூட்டை ஏற்றினான். மழை பிடித்த ஒருநாள், வலி எடுத்த ஒரு பெண்ணை மேலிருந்து கீழே கொண்டுவர வேறு வண்டி இல்லை. அன்றைக்கு அந்தப் பேனரைத்தான் அவிழ்த்து அவள்மேல் நனையாமல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த மையம் அந்த மலைக்குச் செய்த நன்மை அது ஒன்றுதான்.

ஆய்வேடு எழுதி முடிந்தது. அடுத்தது, நகல் பிடிக்கிற மென்பொருள். ஷீபா மேற்கோள் காட்டியிருந்த பழைய நூற்பாவை அது நகல் என்று பிடித்துக்கொண்டது. அதே வரி இன்னும் எத்தனையோ பேர் புத்தகத்தில் இருக்கிறதாம். சொந்த நடையில் மாற்றி எழுதி வாருங்கள் என்றார் எழுத்தர். அது நூற்பா, எழுதியவர் எழுதியதுதான், நான் எப்படி மாற்றுவது என்று ஷீபா கேட்டாள். அப்படியானால் நூலாசிரியரிடம் இசைவுக் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார். அவர் காலமாகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்றாள். அப்படியானால் இறப்புச் சான்று கொடுங்கள் என்றார். அவர் எந்தத் தாலுகாவில் இறந்தார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததால் அது முடியவில்லை. எழுத்தர் கெட்டவர் இல்லை, அவரும் வருத்தப்பட்டார். ஆய்வேடு நடுத்துறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. செழியன் மட்டும் ஒரு படியை, வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனார்.

தை பிறந்ததும் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் செழியனின் நூல் வெளியீட்டு விழா. ‘எழுவாய்: மூலமும் பொருளும்.’ விருந்தினர்களை ஏற்றி இறக்கியது எட்வின்தான். செழியன் மேடையேறி, ஆதி மனிதன் குனிந்து கிடந்ததில் தொடங்கி வாய் திறந்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் முழங்கினார். கைதட்டல் வந்தது. மாணவர்கள் ஆளுக்கொரு படி வாங்கியாக வேண்டும் என்பது எழுதாத சட்டம், ஷீபாவும் வாங்கினாள். ஜீப்பில் வந்து உட்கார்ந்து பிரித்தாள். எட்வின் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தைத் தள்ளுவதும், பின்னால் போவதும், திரும்ப முன்னால் வருவதுமாக இருந்தாள்.

“இன்னா ஷீபா?”

“என்னுதுங்க. எல்லாம் என்னுது. நான் தப்பாப் போட்ட கமாகூட அப்பிடியே இருக்குது.”

“அவரு மேடையில வேற பேசினாரே.”

“புஸ்தகத்த அவரு படிக்கல.”

படிக்காமல் ஒருவர் புத்தகம் எழுத முடியுமா என்று எட்வின் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முன்பக்கத்தைத் திருப்பி அவனிடம் நீட்டினாள். நன்றியுரை. அதில் அச்சடித்திருந்தது: ‘என் கணவர் எட்வின், மலைக்கும் தரைக்கும் வண்டி ஓட்டிக் களைத்து வந்தாலும் ஒருநாளும் என்னை அடுப்படிக்கு அனுப்பாமல் புத்தகத்தின் முன் உட்கார வைத்தவர். இந்த ஆய்வின் ஒவ்வோர் எழுத்திலும் அவருடைய வியர்வை இருக்கிறது.’ கீழே, செழியன்.

எட்வின் கடகடவென்று சிரித்தான். மைத்துனர் குடும்பம் வந்து வண்டியில் ஏறுகிறவரை சிரித்தான். அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது சிரிப்பு நின்றுபோயிற்று. தனக்கு அவள் இப்படியெல்லாம் எழுதியிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. பட்டம் கிடைத்த அன்றைக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தாளாம். கட்டின மனைவி தனக்குச் சொன்ன நன்றியை இன்னொருத்தன் புத்தகத்தில் படிக்கிற கதி வேறு எவனுக்கு வந்திருக்கும்? பாவி, அதைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று வயிறு எரிந்தான்.

அதற்குப் பிறகு நூற்பாப் பிரச்சினை தானாகவே தீர்ந்துபோயிற்று. மென்பொருளில் மறுபடி போட்டபோது, ஷீபாவின் ஆய்வேடு கிட்டத்தட்ட முழுவதும் பேராசிரியர் செழியனின் நூலிலிருந்து திருடப்பட்டது என்று வந்துவிட்டது. மலைக் களப்பணி இயல் ஒன்றுதான் தப்பியது. அதைச் செழியன் தம் நூலில் சேர்க்கவில்லை. அது அவருக்கே நம்பும்படியாக இல்லை போலும்.

விசாரணைக் குழு கூடியது. தலைமை, மையத்தின் இயக்குநர் முனைவர் பெரியநாயகி. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும் என்று சொல்வார்கள். நூலில் பெயர் இருப்பதால் எட்வினையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றான்.

“நன்றியுரையில் குறிக்கப்பெறும் எட்வின் என்பவர் தாங்கள்தாமோ?”

“ஆமாங்க.”

“பேராசிரியர் செழியனுக்குத் தாங்கள் என்ன உறவு?”

“ஒரு உறவும் இல்லீங்க. நான் ஷீபாவோட வூட்டுக்காரன்.”

பெரியநாயகி எழுத்தரைப் பார்த்து, “சாட்சி, பேராசிரியருடனான தம் உறவை மறுக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

அவருக்கு மனைவி இருக்கிறார், பலாப்பழம் அவர்கள் வீட்டில்தான் இறங்கியது, நான் எப்படி அவருக்குக் கணவன் ஆவேன், நீங்களே சொல்லுங்கள் என்று எட்வின் கெஞ்சிப் பார்த்தான். அப்போது செழியன் எழுந்தார். அவர் முகத்தில் வேதனை இருந்தது.

“அவையோரே, இன்று சொற்களின் மூலம் அறியாதோர் நடுவே நிற்கிறேன். கண் அவர், கணவர். கண்ணைப் போல வழிகாட்டுகிறவர் எவரோ அவர் கணவர். களப்பணியின்போது மலைப்பாதையில் எனக்குக் கண்ணாக இருந்த ஓட்டுநரை அந்தத் தூய பொருளில் கணவர் என்று குறித்தேன். இதில் வேறு பொருள் காண்போரின் உள்ளத்தை நான் ஆராய விரும்பவில்லை.”

குழுவினர் மெய்மறந்து போனார்கள். இப்படி ஒரு மூலத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை என்று ஓர் உறுப்பினர் வியந்து, கணவர்த் துறை ஒன்று தொடங்கலாமே என்று முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார்.

“ஐயா, அடுப்படிக்கு அனுப்பாதவர்னு எழுதியிருக்குதே, உங்கள யாரு அடுப்படிக்கு அனுப்பினா?” என்று ஷீபா கேட்டாள். அந்தக் கேள்வி ஆய்வு எல்லைக்குள் வரவில்லை என்று நீக்கப்பட்டது.

எது முந்தியது என்று மட்டும் பார்ப்போம் என்றார் பெரியநாயகி. நூல் தை மாதம் அச்சாகிவிட்டது. ஆய்வேடு இன்னும் நடுத்துறையில்தான் கிடக்கிறது, பதிவாகவில்லை. “பதிவாகாதது எழுதப்பெறாதது. எழுதப்பெறாத ஒன்றிலிருந்து பேராசிரியர் எவ்வாறு எடுத்திருக்க இயலும்? எழுதப்பெறாத தம் ஆய்வேட்டில் மாணவிதான் நூலைப் பார்த்து எழுதியிருக்கிறார். நன்றியுரையைக்கூடச் சொந்தமாக எழுதத் தெரியவில்லை என்பது இந்தக் குழுவின் நெஞ்சைத் தைக்கிறது.”

ஆனாலும் குழுவுக்கு இரக்கம் உண்டு. பெண், ஏழை, கிராமத்திலிருந்து வந்தவள். ஆகவே ஒத்துப்போகிற இயல்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும். எஞ்சுகிற களப்பணி இயலை, ‘கல்வராயன் மலையில் எழுவாய் சென்றடைவு: ஓர் அளவாய்வு’ என்ற தலைப்பில் கொடுத்தால், சிறப்பு அனுமதியில் வருகிற மே மாதமே வாய்மொழித் தேர்வு வைத்துப் பட்டம் தரலாம். பட்டம் வாங்கும்போது சர்ச்சை எதுவும் கிளப்புவதில்லை என்று மாணவி ஒத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் விசாரணை மேல்குழுவுக்குப் போகும். மேல்குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

வாசலில் ஜீப்பருகே ஷீபா நின்றாள். அழவில்லை. மேல்குழுவுக்கே போகட்டும், கோர்ட்டுக்கே போகட்டும், நான் விட மாட்டேன் என்றாள். எட்வினுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எத்தனை வருடம் அந்த வாசலில் நின்றுவிட்டான். இடுப்பு விட்டுப்போயிற்று, வண்டி இன்னும் எத்தனை காலம் ஓடும் என்று தெரியவில்லை. ஜூன் வந்துவிடும், கல்லூரி நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். அவனுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. அதுதான் உண்மை.

“குடுக்கறத வாங்கிக்கினு போவலாம் ஷீபா. பட்டம்னா பட்டந்தான? காலேஜில தலைப்பயா பாக்கப் போறாங்க?”

“அது என்னுதுங்க.”

“உன்னுதுன்னு எனக்குத் தெரியும். கர்த்தருக்குத் தெரியும்.”

“நீங்க ரெண்டு பேரும் கமிட்டில இல்லியே” என்றாள்.

அவன் அதற்குமேலும் விடவில்லை. அன்றைக்கும் மறுநாளும், சாப்பிடும்போதும் படுக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் சரி என்றாள். அப்பாடா என்று மூச்சு விட்டான் எட்வின்.

வாய்மொழித் தேர்வைக் கரியாலூரில் ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். புறத்தேர்வாளராக வந்த முனைவர் அன்புச்செல்வன் அருவி பார்த்ததில்லையாம், ஆய்வு நடந்த களத்திலேயே தேர்வும் நடப்பதுதான் முறை என்று செழியன் சொல்லிவிட்டார். தேர்வாளர்களுக்கு மாணவர் விருந்து வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் நாட்டுக்கோழியும் ஆட்டுக்கறியும் பிரியாணியும் அழைப்பிதழில் ‘எளிய தேநீர்’ என்று இருந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு பந்தி விசாரித்தது எட்வின். பந்தி முடிந்த பிறகுதான் தேர்வு. ஒவ்வொருவருக்கும் ஷீபா பொன்னாடை போர்த்தினாள். செழியனுக்குப் போர்த்தும்போது அவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

அட்டவணையைப் பாராட்டினார்கள். வட்டத்தில் பச்சை வண்ணம் அருமை என்றார்கள். மலை மக்களுக்கு எழுவாய் கிடைக்காத கொடுமையைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் வருந்தினார்கள். வெளியே ஜன்னலோரம் நாலைந்து மலைக்காரர்கள், மிச்சப் பிரியாணி உண்டா என்று பார்த்து நின்றிருந்தார்கள். கடைசியாக அன்புச்செல்வன் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, ஒரு கேள்வியாவது கேட்டால்தான் விதிப்படி தேர்வு ஆகும் என்று கேட்டார்.

“சரி அம்மா, எழுவாய் என்கிற சொல்லுக்கு என்ன பொருள்? எங்கிருந்து வந்தது? சுருக்கமாகச் சொன்னால் போதும்.”

எட்வின் கரண்டியைக் கீழே வைத்தான். அணைக்கரையில் அவள் சொன்னது அவனுக்கே மனப்பாடம். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். செழியன் தொண்டையைச் செருமினார். ஷீபா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசைமேல் இருந்த தன் மெல்லிய ஆய்வேட்டைப் பார்த்தாள். பிறகு எட்வினைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க ஐயா” என்றாள். “செழியன் ஐயா புஸ்தகத்துல இருக்குதுங்க.”

மண்டபம் கைதட்டியது. என்ன பணிவு, என்ன பணிவு என்றார் அன்புச்செல்வன். ஆய்வு நெறி என்றால் இதுதான், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற துணிவை இந்த மையம் இந்தப் பெண்ணுக்கு ஊட்டியிருக்கிறது என்று பெரியநாயகி ஒரு நீண்ட வாக்கியத்தில் சொன்னார். அந்த இடத்திலேயே முனைவர் ஷீபா என்று அறிவித்து மாலை போட்டார்கள். எழுவாய்க்குப் பொருள் தெரியாது என்று சொன்னதற்காக எழுவாயில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்க வேண்டாம், அந்த மையத்தில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள்.

பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் இருவரும் மட்டும் மலையிறங்கினார்கள். வளைவு வளைவாக எட்வின் மெதுவாக ஓட்டினான். ஷீபா மாலையைக் கழற்றிக் காலடியில் போட்டிருந்தாள். ஜூனில் கல்லூரி திறந்ததும் பக்கத்திலேயே வீடு பார்த்துவிடலாம், ஜன்னல் பெரிசாக இருக்க வேண்டும் என்று ஏதேதோ அவனாகப் பேசிக்கொண்டு வந்தான். அவள் உம் கொட்டினாள்.

“ஏங்க, செகண்ட் இயருக்கு எலக்கணம் எனக்குத்தான் குடுப்பாங்க” என்றாள் திடீரென்று.

“நல்லதுதான. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக் குடு.”

“சொல்லலாம். ஆனா அவரு பேரப் போட்டுத்தான் சொல்லணும். பாடத்துல அவரு புஸ்தகத்த வெச்சிட்டாங்க. பொண்ணுங்க பரீட்சையில செழியன் சொல்றாருன்னு எழுதினாத்தான் மார்க்கு. நான்தான் அத திருத்தணும்.”

எட்வின் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“வாங்கிக்கினு போவலாம்னு நான்தான சொன்னேன்” என்றான்.

அவள் இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தான்.

“ஆமாங்க” என்றாள் ஷீபா.